ஒரு சிறு கோட்டின் வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன்.

சென்ற மாதம் நான் ஒரு தவறு செய்தேன். நீங்கள் பலரும் கொண்டுவந்து கொடுத்த பழைய வகுப்புப் படங்களை ஸ்கேன் செய்து 'படம்' என்ற ஃபோல்டரில் சேர்த்து வந்தேன் அல்லவா? பொங்கலின்போது அதற்கு ஒரு நகல் எடுத்து 'படம் பழையது' என்று பெயர் வைத்திருந்தேன். மகன் விட்டுச்சென்ற லேப்டாப்பில் இடம் குறைந்துவிட்டது. பழைய நகலை நீக்கிவிடலாம் என்று, அவன் சொல்லிக்கொடுத்திருந்த கருந்திரையைத் திறந்து 'ஆர்எம் -ஆர் படம் பழையது' என்று தட்டினேன். (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.) 'பழையது' என்று ஒன்று இல்லை என்று ஒரு வரி வந்தது. சரி, அழியவில்லை போலிருக்கிறது என்று மூடி வைத்துவிட்டேன். மறுநாள் திறந்தால் 'படம்' போயிருந்தது. அழிக்க நினைத்த 'படம் பழையது' பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

நான் சொன்னது ஒரு பெயர். அது கேட்டது இரண்டு பெயர். நடுவில் இருந்த இடைவெளிதான் காரணம். முதல் பெயரில் இருந்ததை ஒரு வார்த்தையும் கேட்காமல் அழித்துவிட்டு, இரண்டாவது இல்லையே என்று என்னிடமே புகார் சொல்லியிருக்கிறது.

அந்த வாரமே, 1994-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் பார்க்க வந்தான். பெயர் போடாதீங்க டீச்சர் என்று சொல்லியிருக்கிறான். அவன் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கருந்திரையில் நாம் தட்டும் வரியை வாங்கி, இதில் எது ஆப்ஷன், எது அதற்குரிய மதிப்பு, எது ஃபைலின் பெயர் என்று பிரித்துக் கொடுக்கும் ஒரு லைப்ரரியை எழுதுகிறானாம். மற்றவர்கள் தங்கள் புரோகிராமில் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு 'ஆர்க்யுமென்ட் பார்சர்' என்று பெயர். ஆர்க்யுமென்ட் என்றதும் சண்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கணக்கில் சார்புக்குள் போடும் மதிப்பைச் சொல்லும் சொல் அது. 'பார்ஸ்' என்ற சொல்லோ நம் கட்சி. இலத்தீனில் சொல்வகையைக் குறித்த தொடரிலிருந்து வந்த இலக்கணச் சொல். 'நடந்தனன்' என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று கரும்பலகையில் பிரித்தோமே, ஏறக்குறைய அந்த வேலைதான்.

"அதுக்கு வரலாறு எதுவும் உண்டாடா?" என்று கேட்டேன். ஒரு கட்டு கையேடுகளை அனுப்பி வைத்தான். மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1960களில் எம்ஐடியில் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்த லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர், கட்டளை வரியை வாங்கிக்கொள்ளும் பகுதியைத் தனிப் புரோகிராமாகவே வைக்கலாம் என்று யோசித்தார். அதற்கு 'ஷெல்', அதாவது ஓடு, என்று பெயர் வைத்தவர் அவர்தான். அடுத்து எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பெரிய அமைப்பைக் கட்டத் தொடங்கின. அதில் ஆப்ஷன்களை முழுச் சொல்லாக எழுதி, முன்னால் ஒரு சிறு கோடு போட்டார்கள். விரிவாகக் காட்டு என்பதற்கு '-லாங்', சுருக்கமாக என்பதற்கு '-பிரீஃப்'.

1969-ல் பெல் ஆய்வகம் அந்தத் திட்டத்திலிருந்து விலகியது. அங்கே இருந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் நியூஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லில், யாரும் அதிகம் பயன்படுத்தாத ஒரு சின்னக் கணினியில் தாங்களாகவே ஒன்றை எழுதினார்கள். அதுதான் யூனிக்ஸ். இன்றைய ஆண்ட்ராய்டு, ஆப்பிள், லினக்ஸ் எல்லாம் ஏதோ ஒரு வழியில் அதன் வாரிசுகள்.

அவர்கள் கையில் இருந்தது டெலிடைப் என்ற தந்தி இயந்திரம். திரை கிடையாது, காகிதத்தில் அச்சடிக்கும். அந்த 33-ஆம் மாடல் நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும், விசைகளை அழுத்துவதற்கும் விரலில் பலம் வேண்டும். பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் பழைய ரெமிங்டனில் தட்டியவர்களைக் கேட்டால் தெரியும். அதனால்தான் கட்டளைகள் பலவும் இரண்டெழுத்தில் முடிந்தன: பட்டியலிட எல்எஸ், நகலெடுக்க சிபி, நகர்த்த எம்வி, என் படங்களைத் தின்ற ஆர்எம். ஆப்ஷனும் ஒரே எழுத்தாகச் சுருங்கியது. 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் கையேட்டில் எல்எஸ் கட்டளைக்கு ஐந்தே ஆப்ஷன்கள். இன்று லினக்ஸில் அதே கட்டளைக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். இன்றுவரை எல்லாரும் அதன் பலனை அனுபவிக்கிறோம். நாம் தட்டும் வரியை இடைவெளி பார்த்துத் துண்டாக்குவது ஷெல்லின் வேலை. நட்சத்திரக் குறி போட்டால், 'இங்கே இருக்கும் எல்லா ஃபைலும்' என்று புரிந்துகொண்டு, அந்தப் பெயர்களை எல்லாம் வரிசையாக எழுதிக்கொடுப்பதும் ஷெல்லின் வேலை. கடைசியில் புரோகிராமின் கையில் போய்ச் சேருவது வெறும் சொற்பட்டியல்தான். அந்தச் சொற்களில் எது நான் தட்டியது, எது நட்சத்திரத்திலிருந்து விரிந்தது என்று புரோகிராமுக்குத் தெரியாது. சிறு கோட்டுக்கும் ஷெல்லிடம் தனி மரியாதை கிடையாது. கோடு போட்ட சொல்லை ஆப்ஷனாக எடுத்துக்கொள்வது அந்தந்தப் புரோகிராம் எழுதியவரின் விருப்பம்.

இதனால் என்ன ஆகும்? ஒரு ஃபோல்டரில் '-ஆர்எஃப்' என்ற பெயரிலேயே ஒரு ஃபைல் இருக்கிறது என்று வையுங்கள். பெயரில் கோடு இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. அங்கே போய் 'ஆர்எம் *' என்று தட்டினால் அந்தப் பெயரும் வரிசையில் வந்து நிற்கும். அழிக்கும் கட்டளை அதை ஃபைலாகப் பார்க்காது. 'உள்ஃபோல்டர்களையும் சேர்த்து, எதையும் கேட்காமல் அழி' என்று எடுத்துக்கொள்ளும். வருகைப் பதிவேட்டில் ஒரு பையனின் பெயரே 'எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்' என்று இருந்து, டீச்சர் அதை உரக்கப் படித்த கதைதான்.

அவரவர் விருப்பத்துக்கு விட்டதால் எழுபதுகளில் ஆளுக்கொரு இலக்கணம் முளைத்தது. படியெடுக்கும் டிடி என்ற கட்டளைக்குக் கோடே கிடையாது, சமக்குறி போட்டு எழுத வேண்டும். அது ஐபிஎம் பெருங்கணினிகளின் எழுத்துமுறையிலிருந்து வந்தது. கட்டி வைக்கும் டார் கட்டளை, கோடு இல்லாத எழுத்துக் கூட்டத்தையும் ஏற்கும். தேடும் ஃபைண்ட் கட்டளைக்கு ஒற்றைக் கோட்டோடு முழுச் சொல். வரிகளைப் பிரிக்கும் குறியைச் சொல்ல கட் கட்டளையில் '-டி' என்பது ஓர் எழுத்து, சார்ட் கட்டளையில் '-டி' என்று ஒலிக்கும் வேறோர் எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல இருப்பது நம் எழுத்தின் குறும்பு. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் உளவியல் பேராசிரியராக இருந்த டொனால்ட் நார்மன், 1981-ல் டேட்டாமேஷன் இதழில் யூனிக்ஸின் இந்தப் பொருந்தாமையைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். நினைவில் வைக்கவே முடியாத பெயர்கள், கட்டளைக்குக் கட்டளை மாறும் பழக்கங்கள் என்பது அவர் குறை. படித்தபோது, என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

இங்கே கொஞ்சம் தமிழ் இலக்கணத்துக்குப் போய்விட்டு வருகிறேன். நன்னூலில் பொதுமொழி என்று ஒன்று உண்டு, நினைவிருக்கிறதா? 'தாமரை' என்றால் பூ. 'தா, மரை' என்று பிரித்தால் தாவுகின்ற மான். 'எட்டு' என்றால் எண், 'எள் து' என்று பிரித்தால் எள்ளை உண் என்று பொருள். எழுத்து மாறவில்லை, பிரிப்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. யூனிக்ஸ் கட்டளைகளில் ஓரெழுத்து ஆப்ஷன்களைச் சேர்த்து எழுதும் வழக்கம் வந்ததும் அங்கேயும் பொதுமொழி வந்துவிட்டது. '-ஏபிசி' என்றால் ஏ, பி, சி என்ற மூன்று ஆப்ஷன்களா? அல்லது ஏ என்ற ஓர் ஆப்ஷனும் அதற்கு 'பிசி' என்ற மதிப்புமா? வரியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. ஏ என்ற ஆப்ஷன் மதிப்பு கேட்கும் வகையா என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குத்தான் கெட்ஆப்ட் வந்தது. 1980 வாக்கில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் 3 யூனிக்ஸில் இருந்த சின்ன உதவிப் பகுதி அது. புரோகிராம் எழுதுபவர் தன் ஆப்ஷன் எழுத்துகளை ஒரே வரியாக எழுதிக் கொடுப்பார். எந்த எழுத்துக்கு மதிப்பு வேண்டுமோ அதன் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி. அவ்வளவே. அந்த முக்காற்புள்ளி பொதுமொழிச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. வெறும் இரட்டைக் கோடு தனியாக வந்தால், இதற்குப் பிறகு வருவதெல்லாம் பெயர்கள்தான், கோடு இருந்தாலும் ஆப்ஷனாக எடுக்காதே என்ற விதியும் அதில் இருந்தது. '-ஆர்எஃப்' என்ற பெயருள்ள பையனை வகுப்பில் உட்காரவைக்க வழி பிறந்தது.

1984-ல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த காத்லீன் ஹெமன்வே, ஹெலன் ஆர்மிடேஜ் என்ற இரு பெண்கள் யூனிக்ஸ் கட்டளைகளுக்கு ஒரே எழுத்திலக்கணம் வேண்டும் என்று விதிகளை முன்வைத்தார்கள். 1985-ல் டல்லஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் கெட்ஆப்டின் மூலநிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவுடைமையாகவே கொடுத்தது அந்த நிறுவனம். யூனிக்ஸ் உரிமத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இதை மட்டும் சும்மா கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே இலக்கணத்தில் எழுதினால்தான் இலக்கணத்துக்கே மதிப்பு என்பதைப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். 1992-ல் போசிக்ஸ் தரநிலையிலும் இந்த விதிகள் இடம்பெற்றன.

இலக்கணம் வந்தால் பழைய வழக்குகள் ஒழியுமா? தொல்காப்பியர் காலத்திலிருந்தே ஒழிந்ததில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைக் காட்டும் 'பிஎஸ் ஏயுஎக்ஸ்' என்ற கட்டளையில் கோடு கிடையாது, அது பெர்க்லி வழக்கு. கோடு போட்டு '-ஏயுஎக்ஸ்' என்று எழுதினால் 'எக்ஸ்' என்ற பெயருள்ள ஆளின் வேலைகளைக் காட்டு என்று பொருளாகும். ஆனால் அப்படி எழுதிப் பழகிவிட்டவர்கள் ஏராளம். அதனால் லினக்ஸில், எக்ஸ் என்று ஆள் யாரும் இல்லாவிட்டால், நீங்கள் கோடில்லாததைத்தான் சொன்னீர்கள் போலும் என்று அதுவே ஊகித்துக்கொள்ளலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. நாளைக்கே எக்ஸ் என்று ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் விடை மாறிவிடும்!

விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் இது எங்களுக்கில்லை என்று நினைக்க வேண்டாம். உங்கள் கணினியில் ஃபோல்டர் முகவரிக்கு நடுவே இடப்பக்கம் சாய்ந்த கோடு வருகிறதே, மற்ற எல்லா இடத்திலும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறதே, ஏன் என்று யோசித்ததுண்டா? 1981-ல் வந்த முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. ஆப்ஷனுக்கு முன்னால் வலப்பக்கம் சாய்ந்த கோட்டைப் போட்டார்கள். 1983-ல் இரண்டாம் பதிப்பில் யூனிக்ஸைப் பார்த்து ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது அந்தக் கோடு ஏற்கெனவே ஆப்ஷனுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது தலைகீழ்க் கோடு. ஆப்ஷனுக்கு எந்தக் குறி என்ற சின்ன முடிவு நாற்பது ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான முகவரிகளைத் திருப்பி எழுத வைத்திருக்கிறது.

மறுபடி யூனிக்ஸ் பக்கம். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்தார் ஓரெழுத்து போதாது, முழுச் சொல் வேண்டும் என்றார்கள். ஒற்றைக் கோட்டோடு '-ஹெல்ப்' என்று எழுதினால் எச், ஈ, எல், பி என்று நான்காக உடையும். தொடக்கத்தில் கூட்டல் குறி போட்டுப் பார்த்தார்கள், பிறகு இரட்டைக் கோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லாப் புரோகிராமும் '--ஹெல்ப்' என்றால் உதவி சொல்ல வேண்டும், '--வெர்ஷன்' என்றால் பதிப்பைச் சொல்ல வேண்டும் என்று விதியும் செய்தார்கள். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

கூடவே ஒரு சலுகையும் கொடுத்தார்கள். முழுச் சொல்லையும் எழுத வேண்டாம், வேறொன்றோடு குழம்பாத அளவுக்கு முன்பாதி எழுதினால் போதும். என் மாணவனும் இதைத் தன் லைப்ரரியில் வைப்பதாக இருந்தான். நான்தான் தடுத்தேன். "வகுப்புல ஒரே ஒரு செந்தில்குமார் இருக்கிற வரைக்கும் செந்தில்னு கூப்பிட்டா போதும்டா. நடு வருஷத்துல செந்தில்நாதன்னு ஒருத்தன் வந்து சேர்ந்தா? செந்தில்னு எழுதி வச்ச சீட்டெல்லாம் யாருக்குன்னு தெரியாம போயிடும்" என்றேன். அவன் சிரித்துவிட்டு, இது நிஜமாகவே நடக்கும் விஷயம் என்றான். புதிய பதிப்பில் ஓர் ஆப்ஷனைச் சேர்த்தால், யாரோ எங்கோ குறுக்கி எழுதி வைத்த பழைய கட்டளை திடீரென்று நின்றுபோகும். பைத்தான் மொழியோடு வரும் ஆர்க்பார்ஸிலும் இந்தச் சலுகை இருக்கிறது. வேண்டாம் என்று முழுதாக நிறுத்தி வைக்கும் வசதி பைத்தான் 3.5-ல்தான் வந்ததாம்.

பைத்தானின் கதையே ஒரு கூட்டுக்குடும்பக் கதை. முதலில் கெட்ஆப்டின் நகல் இருந்தது. 2003-ல் கிரெக் வார்ட் எழுதிய ஆப்ட்பார்ஸ் சேர்ந்தது. 2010-ல் ஸ்டீவன் பெத்தார்டின் ஆர்க்பார்ஸ் சேர்ந்தது. புதிது வந்ததென்று பழையதை வெளியே அனுப்ப முடியவில்லை, நம்பி எழுதப்பட்ட புரோகிராம்கள் அவ்வளவு. மூன்றும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

ஆர்க்பார்ஸ் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் ஆப்ஷன்களை ஒருமுறை விவரித்துவிட்டால் உதவிக் குறிப்பை அதுவே எழுதிவிடும். ஆனால் மாணவனுக்கு அதில் ஒரு மனத்தாங்கல். பயனர் தவறாகத் தட்டினால் அது செய்தியைச் சொல்லிவிட்டு மொத்தப் புரோகிராமையும் நிறுத்திவிடும். லைப்ரரி என்பது இன்னொருவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி, விருந்தாளி எப்படி மெயின் சுவிட்சை அணைக்கலாம் என்கிறான். அவனுடையது தவறை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நிற்குமாம். '-5' என்று வந்தால் அது எண்ணா, ஆப்ஷனா என்ற பொதுமொழியில் அவன் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டிருந்தான். ஆர்க்பார்ஸ், எண் போன்ற ஆப்ஷன் எதுவும் அந்தப் புரோகிராமில் இல்லையென்றால் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. இவன் ஊகிக்கவே மாட்டேன், எழுதியவரே முன்கூட்டிச் சொல்லட்டும் என்று வைத்துவிட்டான்.

வேற்றுமை உருபையும் அவனுக்கு நினைவுபடுத்தினேன். 'கண்ணன் மணிக்குப் புத்தகத்தைக் கொடுத்தான்' என்பதில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது. ஐயும் குவ்வும் காவல் நிற்கின்றன. ஆங்கிலத்தில் இடம்தான் காவல், மாற்றிப் போட்டால் மணி கொடுத்தவனாகிவிடுவான். நகலெடுக்கும் சிபி கட்டளை ஆங்கில வகை: முதலில் வருவது மூலம், கடைசியில் வருவது போய்ச்சேரும் இடம். மாற்றித் தட்டினால் புதியதன்மேல் பழையது எழுதப்பட்டுவிடும். க்னூவின் சிபியில் '-டி' என்று போட்டுப் போய்ச்சேரும் ஃபோல்டரைக் குறிப்பிடலாம். அது நம் நான்காம் வேற்றுமை. இரண்டு பெயர்களுக்கு மேல் இடத்தை நம்பிப் பொருள் கொள்ளும் கட்டளைகளுக்குத் தன் லைப்ரரி எச்சரிக்கை தரும்படி செய்திருக்கிறான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

எல்லாம் முடிந்தபின் என் கேள்வியைக் கேட்டேன். "அப்போ உன் பார்சர் இருந்திருந்தா என் படம் பிழைச்சிருக்குமா?"

"பிழைச்சிருக்காது டீச்சர்" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "உங்க வரியை ஷெல் முன்னாடியே ரெண்டா வெட்டிடுது. எங்க கைக்கு வரும்போது 'படம்' தனி, 'பழையது' தனி. நீங்க சேர்த்துச் சொன்னீங்கன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது." பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தால் ஒரே சொல்லாகப் போயிருக்குமாம். ஆர்எம் கட்டளைக்குப் பெரிய ஐ என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது, அதைப் போட்டால் உள்ளோடு அழிக்கும் முன் ஒருமுறை கேட்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் டெலிடைப்பில் விரல் வலித்தவர்கள், கேட்காமல் இருப்பதையே இயல்பாக வைத்துவிட்டார்கள்.

அழிந்ததை மீட்க அவன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தான். முடியவில்லை. பொங்கலுக்கு முன் ஸ்கேன் செய்தவை நகலில் இருக்கின்றன. போனவை: 1991, 1996, 1998 ஆண்டுகளின் வகுப்புப் படங்கள், 1989 ஆண்டுவிழா நாடகப் படங்கள் ஆறு, ஒவ்வொரு படத்திலும் யார் யார் நிற்கிறார்கள் என்று நாம் போனில் பேசிப் பேசி எழுதிய பெயர்ப்பட்டியல். அந்தப் பட்டியலில் இப்போது நம்மோடு இல்லாத நான்கு பேரின் பெயர்களும் இருந்தன. அவர்களை அடையாளம் சொன்னவர்கள் நீங்கள்தான்.

மூலப் படங்களை எல்லாம் உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் தயவுசெய்து மறுபடி ஒருமுறை அனுப்பி வையுங்கள். போனில் படம் பிடித்து அனுப்பினாலும் போதும். முன்வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாக, பெயர்களையும் எழுதி அனுப்புங்கள். முழுப் பெயராக எழுதுங்கள், செந்தில் என்று மட்டும் எழுத வேண்டாம். 1996-ல் மூன்று செந்தில்கள்.